யார் தோற்க வேண்டும்?

1971 ஜனவரி 18. நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் புரூனோ சமார்டினோ மல்லாந்து கிடந்தார். மேல் கயிற்றில் ஏறிக் குதித்து அவர்மீது முழங்காலை இறக்கிய ஐவன் கோலாஃப் அப்படியே அமுக்கிப் பிடித்தார். நடுவரின் கை மூன்று முறை தரையைத் தட்டியது. ஏழு ஆண்டு எட்டு மாதமாக சமார்டினோவின் இடுப்பை விட்டு இறங்காத பட்டம் போய்விட்டது. வில்லன் ஜெயித்தால் கிளம்பும் கூச்சல்கூட அன்று கிளம்பவில்லை. அரங்கம் அப்படி அடங்கிப்போனதில், தன் காதுதான் பழுதாகிவிட்டதோ என்று நினைத்ததாக சமார்டினோ பின்னாளில் சொன்னார். பட்டத்தை ரிங்கிலேயே கோலாஃப் கையில் கொடுத்தால் கலவரம் மூளும் என்று பயந்து, கொடுக்காமலே அவரை உள்ளே அனுப்பிவைத்தார்கள்.

மூன்றே வாரத்தில், பிப்ரவரி 8 அன்று, அதே அரங்கில் கோலாஃபை வீழ்த்திப் பெட்ரோ மொராலஸ் புதிய சாம்பியன் ஆனார். இடைப்பட்ட அந்த 21 நாளை மல்யுத்த வரலாற்றைப் புரட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அங்கேயே நின்றுவிடுகிற ரகம்.

சமார்டினோ இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர். கிழக்குக் கடற்கரை நகரங்களின் இத்தாலியக் குடும்பங்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தன. மொராலஸ் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். நியூயார்க்கின் ஸ்பானிய மொழி பேசும் மக்கள் அவர் பின்னால் திரண்டிருந்தார்கள். சமார்டினோ களைத்துப்போய் ஓய்வு கேட்கிறார். அடுத்தவர் மொராலஸ்தான் என்று முதலாளியான மூத்த வின்ஸ் மெக்மஹோனுக்குத் தெரியும். இருவரையும் நேருக்கு நேர் மோதவிட்டிருந்தால் பாதி அரங்கம் மறுபாதியைப் பகைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கும். புது சாம்பியன் முதல் நாளிலேயே பாதிப் பேரை இழந்திருப்பார். ஆகவே நடுவில் ஒரு வில்லன். ரஷ்யக் கரடி என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் கனடாக்காரர் சமார்டினோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். அதை மொராலஸ் மீட்டுக் கொடுத்தார். இத்தாலியர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். ஒரு நாயகனின் கூட்டத்தைச் சிந்தாமல் இன்னொரு நாயகனிடம் ஒப்படைக்க, சரியான ஓர் ஆளைச் சரியான நாளில் ஜெயிக்கவிட்டது போதுமானதாக இருந்தது.

இந்த முடிவுகளை எடுப்பவரைப் புக்கர் என்பார்கள். யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது, தோற்றவன் அடுத்த மாதம் எந்த முகத்தோடு வந்து நிற்பது, எல்லாம் அவர் பொறுப்பு. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட சண்டையில் ரசிக்க என்ன இருக்கிறது என்று இன்றும் கேட்கிறார்கள். தீர்மானிக்கப்பட்டது என்பதுதான் ரசனைக்கு இடம் தருகிறது. கால்பந்தில் ஓர் அணி தோற்றால் வருத்தப்படலாம், அந்தத் தோல்வி அழகாக அமைக்கப்பட்டதா என்று விவாதிக்க முடியாது. இங்கே முடியும். ஒவ்வொரு தோல்வியும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு.

பல வருடம் பார்த்ததில் என் மனத்தில் உறுதிப்பட்டது ஒன்று. வெற்றிகளை அடுக்கிக்கொண்டே போனால் ஒருவன் நட்சத்திரம் ஆகிவிட மாட்டான். பார்ப்பவர் மனத்தில் ஒரு பாக்கி விழ வேண்டும். இவனுக்கு வரவேண்டியது ஒன்று நிற்கிறது, அது வந்து சேரும் இரவில் நான் அந்த அரங்கில் இருக்க வேண்டும் என்ற தவிப்பு வர வேண்டும். டிக்கெட் விற்பது அந்தத் தவிப்பு. பாக்கியை எழுதுவது, அது ஏற ஏறப் பொறுத்திருப்பது, உரிய நாளில் முழுசாகத் தீர்ப்பது, இந்த மூன்றும் அறிந்தவர்தான் நல்ல புக்கர்.

சமார்டினோ காலத்தில் இது கிட்டத்தட்ட மாதாந்திரக் கணக்காகவே ஓடியது. கார்டனில் மாதம் ஒரு காட்சி. அதற்கு முந்தைய வாரங்களில் டிவியில் புது வில்லன் ஒருவன் சின்ன ஆட்களைப் போட்டுத் துவைப்பான். முதல் மோதலில் சமார்டினோ ரத்தம் சிந்தி நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், அல்லது ரிங்குக்கு வெளியே எண்ணிக்கை முடிந்துவிடும். வில்லன் ஜெயித்ததாக அறிவிப்பு வரும், பட்டம் மட்டும் கைமாறாது. மறு மாதம் கடுமையான விதியோடு மறு ஆட்டம். தேவைப்பட்டால் மூன்றாவதாக ஒன்று, கூண்டுக்குள். கணக்கு தீர்ந்ததும் அடுத்த வில்லன் வருவான். எளிய அமைப்புதான். ஆனால் சாம்பியன் நிஜமாகவே தடுமாறினான், அவமானப்பட்டான் என்று மக்கள் நம்பும்படி அந்த முதல் மோதல் அமைய வேண்டும். அது சரியாக அமைந்த மாதங்களில் கார்டன் நிரம்பியது.

அமெரிக்கத் தெற்கில் 1980இல் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. ஓக்லஹோமா, லூசியானா, மிசிசிப்பி என்று பரவியிருந்த மிட்-சவுத் நிறுவனத்தை நடத்தியவர் பில் வாட்ஸ். தானே ரிங்கில் நின்று பெயர் வாங்கியவர், கறாரான ஆள். நியூ ஆர்லியன்ஸின் பஸ்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் விரும்பிய இருக்கையில் உட்காரலாம் என்று ஆகி அப்போது 25 ஆண்டுகூட ஆகவில்லை. அந்த ஊரில் தன் நிறுவனத்தின் முதல் நாயகனாக ஒரு கறுப்பினத்தவரை நிறுத்தினார் வாட்ஸ். மேடைப் பெயர் ஜங்க்யார்ட் டாக். இயற்பெயர் சில்வெஸ்டர் ரிட்டர்.

பிடி, மறுபிடி என்று நுணுக்கமாக மல்லுக்கட்டுவதில் ரிட்டர் பெரிய வித்தைக்காரர் கிடையாது. வாட்ஸ் அதை மறைக்கப் போராடவில்லை, தேவையே இல்லாமல் செய்துவிட்டார். ஆட்டங்கள் சுருக்கமாக இருந்தன. ஜங்க்யார்ட் டாக் வருவார், நாலு அடி விழும், எதிரியைத் தூக்கித் தரையில் அறைவார், முடிந்தது. அவரிடம் இருந்தது வேறு: அறைக்குள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற ஒரு வெளிச்சம், கழுத்தில் நாய்ச் சங்கிலி, பேச ஆரம்பித்தால் உழைக்கும் மக்களின் பேச்சு. எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதைக் காட்டாமல் இருப்பது என்பதும் புக்கரின் திறமைதான்; ஆட்டத்தின் நீளத்தைக் குறைப்பதில்கூட இவ்வளவு கரிசனம் இருக்கலாம் என்று நான் வாட்ஸிடம்தான் பார்த்தேன்.

பிறகு ஃப்ரீபேர்ட்ஸ் வந்தார்கள். மைக்கேல் ஹேஸ், டெர்ரி கோர்டி, பட்டி ராபர்ட்ஸ் என்ற மூவர் அணி. தோற்றவர் முடியை இழக்க வேண்டிய சச்சரவில், முடி உதிர்க்கும் களிம்பை ஜங்க்யார்ட் டாகின் கண்ணில் அப்பிவிட்டார்கள். பார்வை போய்விட்டது என்று அறிவிப்பு. அவருக்குப் பிறந்திருக்கும் பெண் குழந்தையின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை என்று டிவியில் சொன்னார்கள். பட்டம், பரிசு, மானம் என்பதையெல்லாம் தாண்டி, ஒரு தகப்பனுக்கு மகள் முகத்தைப் பார்க்கும் பேறு பறிபோய்விட்டது. கதையை நம்பவைக்க ரிட்டர் ஊரில் தலைகாட்டாமல் இருந்தார் என்பார்கள். இதைவிடப் பெரிய பாக்கியை ஒரு புக்கர் எழுதிவிட முடியுமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 2 அன்று சூப்பர்டோமில் தீர்ப்பு. கண் தெரியாதவன் எப்படிச் சண்டை போடுவான்? ஹேஸ் கழுத்தில் ஒரு நாய்ப் பட்டை, ஜங்க்யார்ட் டாக் கழுத்தில் ஒன்று, இரண்டையும் இணைத்து ஒரே சங்கிலி, சுற்றிலும் இரும்புக் கூண்டு. எதிரியைத் தேட வேண்டாம்; சங்கிலியைப் பிடித்து இழுத்தால் கைக்கு வந்துவிடுவான். இந்த விதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. இப்போதெல்லாம் கூண்டு, ஏணி, மேசை என்று விசேஷ ஆட்டங்களை நாட்காட்டி பார்த்து நடத்துகிறார்கள். அந்த மாதம் வந்தால் யாராவது கூண்டுக்குள் போயாக வேண்டும். அன்று சங்கிலி கதைக்குள்ளிருந்தே பிறந்தது. அந்த ஆளின் கழுத்தில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த சங்கிலியே அவனுக்குக் கண் ஆனது. ஆயிரமாயிரமாய் வந்த கூட்டத்தில் கறுப்பினத்தவர், வெள்ளையர் இரு தரப்பும் இருந்தார்கள், எல்லாரும் ஒரே ஆளுக்காகக் கத்தினார்கள்.

1984இல் ரிட்டர் மெக்மஹோன் குடும்பத்தின் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் வேறு கறுப்பின வீரர்களை வாட்ஸ் நிறுத்திப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. ஆள் மாறினால் பாக்கி மாறாது. ஊர் கடன்பட்டிருந்தது ரிட்டருக்கு மட்டும்தான்.

நம் ஊரில் என் தலைமுறைக்கு மல்யுத்த வீரர்கள் அறிமுகமானது டிவியோடு கூடவே டிரம்ப் கார்டு மூலமாக. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று சீட்டில் அச்சிட்டிருக்கும். பெரிய எண் வைத்திருப்பவன் சீட்டை அள்ளிக்கொள்வான். முதலாளிகளும் பல நேரம் இந்தச் சீட்டைப் பார்த்தே நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேதனையானது. ஹல்க் ஹோகன் 1993இல் விலகியதும் அடுத்த ஹோகனாக டபிள்யூடபிள்யூஎஃப் தேர்ந்தெடுத்தது லெக்ஸ் லூகரை. சிற்பம் மாதிரி உடம்பு. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், நியூயார்க்கில் நிறுத்திய இன்ட்ரெபிட் போர்க்கப்பலின் தளத்தில் சாம்பியன் யோகோசூனாவைத் தூக்கிப் போட்டார். பிறகு கொடி வர்ணம் பூசிய பஸ் ஒன்றில் ஏறி, ஊர் ஊராகப் போய்க் கைகுலுக்கினார். அந்த ஆகஸ்டில் பட்டத்துக்கான ஆட்டம். லூகர் ஜெயித்தார், ஆனால் எதிரி ரிங்குக்கு வெளியே கிடந்து எண்ணிக்கை முடிந்ததால் வந்த வெற்றி; பட்டம் கைமாறவில்லை. பட்டமே இல்லாமல் அவரைத் தோளில் தூக்கி, பலூன் பறக்கவிட்டுக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் முடிந்ததும் லூகருக்கு வரவேண்டியது எதுவும் பாக்கி இல்லாதது போலவே ஆகிவிட்டது. மக்கள் அதன்பின் அவருக்காக ஏங்கவில்லை.

அவர்கள் ஏங்கியது பிரெட் ஹார்ட்டுக்காக. நடுத்தர உடல்வாகு, கனடாவின் கால்கரிக்காரர், சீட்டில் பார்த்தால் எந்த எண்ணும் பெரிதாக இருக்காது. 1994 ஜனவரியின் ராயல் ரம்பிளில், கயிற்றுக்கு வெளியே விழாமல் கடைசிவரை நிற்பவர் ஜெயிக்கும் ஆட்டத்தில், லூகரையும் பிரெட்டையும் ஒரே நேரத்தில் கயிற்றுக்கு வெளியே விழவைத்து, இருவருமே வென்றதாக அறிவித்தார்கள். யாருடைய பெயருக்கு அரங்கம் அதிகம் கத்துகிறது என்பது அன்று எல்லார் காதுக்கும் கேட்டது. இரண்டு மாதம் கழித்து ரெஸ்ல்மேனியா 10. முதல் ஆட்டத்தில் பிரெட் தன் தம்பி ஓவனிடம் தோற்கிறார், சதி எதுவும் இல்லாமல், நேர்மையான மூன்று எண்ணிக்கையில். கடைசி ஆட்டத்தில் அதே பிரெட் யோகோசூனாவை வென்று சாம்பியன் ஆகிறார். சக வீரர்கள் அவரைத் தூக்கிக் கொண்டாடும்போது ஓவன் வந்து நின்று அண்ணனையே பார்க்கிறார். ஒரு கணக்கு தீர்ந்த நொடியிலேயே அடுத்த கணக்கு தொடங்கிவிட்டது. சாம்பியனின் காலில் அன்று எல்லாரும் விழுந்து கும்பிட்டாலும் அவர் தம்பியிடம் தோற்றவர் என்பது மாறாது. அந்த ஆண்டின் கோடைகாலம் முழுக்க அந்த ஒரு தோல்வி அவர்கள் இருவருக்கும் சோறு போட்டது.

இனி ஆஸ்டின். ஸ்டீவ் ஆஸ்டின் கதையில் தற்செயல்கள் நிறைய. காயத்தோடு வீட்டில் கிடந்தபோது 1995இல் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ அவரை வேலையை விட்டு நீக்கியது. டபிள்யூடபிள்யூஎஃப்பில் ரிங்மாஸ்டர் என்ற, எவர் மனத்திலும் ஒட்டாத பெயரில் நுழைந்தார். 1996 மே மாதம் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நாயகர்களும் வில்லன்களும் ரிங்கில் கட்டித் தழுவி, நிறுவனத்தை விட்டுப் போகும் நண்பர்களுக்கு விடைகொடுத்தார்கள். அந்த மீறலுக்குத் தண்டனையாக, அவர்களில் ஒருவரான ஹன்டர் ஹெர்ஸ்ட் ஹெம்ஸ்லிக்கு வரவிருந்த கிங் ஆஃப் த ரிங் வெற்றி கைநழுவிப் போனது. அது ஆஸ்டினுக்கு வந்தது. ஜூன் 23 அன்று உதட்டில் தையலோடு நின்று, பைபிள் வசனத்தைப் புரட்டிப் போட்டு அவர் பேசிய 3:16 பேச்சு பனியன்களில் ஏறியது. இவ்வளவும் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1997 மார்ச் 23 அதிர்ஷ்டத்தால் நடந்ததில்லை.

அன்று சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்டில் ரெஸ்ல்மேனியா 13. பிரெட் ஹார்ட், ஆஸ்டின். ஒருவர் தன் வாயால் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் ஆட்டம் முடியும். நடுவர் கென் ஷாம்ராக். பிரெட் பல வருட நாயகன், ஆனால் சில மாதங்களாகப் புலம்பிக்கொண்டிருந்தார்: எனக்கு அநீதி நடக்கிறது, என்னை ஏமாற்றுகிறார்கள் என்று. அது நியாயமான புலம்பல்தான்; ஜனவரியில் ரம்பிளில் ஆஸ்டினைத் தூக்கி வெளியே போட்டவர் அவர், நடுவர்கள் கவனிக்காததால் ஆஸ்டின் திரும்பி ஏறி வந்து ஜெயித்துவிட்டார். ஆனாலும் கேட்கக் கேட்க மக்களுக்குச் சலித்தது. ஆஸ்டின் வில்லன், ஆனால் எதற்கும் புலம்பாத வில்லன். அரங்கத்தின் மனம் இரண்டு பக்கமும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததை நிறுவனம் கவனித்துவிட்டது. ஒரே ஆட்டத்தில் நாயகனை வில்லனாக்கி, வில்லனை நாயகனாக்குவது என்று தீர்மானித்தார்கள்.

எப்படி? முதலாளியான இளைய வின்ஸ் மெக்மஹோனின் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆஸ்டினை ஜெயிக்கவைத்திருப்பார்கள். தோற்கவைத்தார்கள். ஷார்ப்ஷூட்டர் பிடியில் கால்கள் முறுக்கப்பட்டுக் கிடக்கிறார் ஆஸ்டின். நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம், பற்களுக்கிடையில்கூட ரத்தம். உடம்பை ஊன்றி எழும்ப முயல்கிறார், ஒரு கணம் பிடி தளர்வது போலிருக்கிறது, மறுபடி சாய்கிறார். விட்டுக்கொடுக்கிறேன் என்ற சொல் வரவில்லை. நினைவு தப்புகிறது. ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார். ஏட்டில் பிரெட் ஜெயித்தார். ஆஸ்டின் தோற்றார், ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்திய முடிவு இது. நான் அறிந்த வரை இந்தக் கலையில் இதற்கு மேல் ஒன்று நடந்ததில்லை.

அது முடிந்த பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். மயங்கிக் கிடந்தவனை பிரெட் மறுபடி அடிக்கிறார். ஷாம்ராக் அவரைப் பிடித்துத் தள்ளியதும், சண்டைக்கு வராமல் பின்வாங்கிப் போகிறார். அரங்கம் அவரை ஏசுகிறது. கைத்தாங்கலாகப் பிடிக்க வந்த நடுவருக்கு ஆஸ்டின் தன் ஸ்டன்னர் அடியைக் கொடுத்துத் தள்ளிவிட்டு, தானே நொண்டிக்கொண்டு நடக்கிறார். அவன் திருந்தவில்லை, நல்லவனாகவில்லை, யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அப்படியே இருந்துகொண்டுதான் நாயகன் ஆனான். வழக்கமாக வில்லனை நாயகனாக்கும்போது புக்கர்கள் அவனைக் குழந்தைகளோடு சிரிக்கவைத்து மொக்கையாக்கிவிடுவார்கள். இங்கே ஆளை மாற்றாமல் பார்ப்பவர் நிற்கும் இடத்தை மாற்றினார்கள். அன்றிரவின் கடைசி ஆட்டம் அண்டர்டேக்கருக்கும் சைக்கோ சிட்டுக்கும். அதில்தான் பட்டம் கைமாறியது. அதை இன்று யார் நினைக்கிறார்கள்?

மறுநாளிலிருந்து பிரெட் அமெரிக்க ரசிகர்களையே குற்றம்சாட்டத் தொடங்கினார். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் அவர் முன்னைவிடப் பெரிய நாயகன். ஜூலை 6 அன்று கால்கரியில் நடந்த ஐவர் அணி ஆட்டத்தில் ஹார்ட் குடும்பத்துக்குக் கிடைத்த வரவேற்பையும் ஆஸ்டினுக்குக் கிடைத்த ஏச்சையும் இன்றைக்குப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். ஒரே ஆள், ஒரே பேச்சு, ஊர் மாறினால் அர்த்தம் தலைகீழ்.

ஆகஸ்டில் ஓவன் ஹார்ட்டுடனான ஆட்டத்தில் ஆஸ்டின் கழுத்தில் பலத்த காயம். மாதக்கணக்கில் ஆட முடியாது. ஆடாத ஆளை வைத்து எப்படிக் கூட்டம் சேர்ப்பது? உனக்கு உடம்பு சரியாகும் வரை ஆடாதே என்று நிறுவனம் சொல்வதையே கதையாக்கினார்கள். செப்டம்பர் 22, மேடிசன் ஸ்குவேர் கார்டன். மெக்மஹோன் ரிங்குக்கு வந்து, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று ஆஸ்டினிடம் பேசுகிறார். ஆஸ்டின் அவருக்கே ஸ்டன்னர் கொடுக்கிறார். அரங்கம் வெடித்தது. முதலாளி இன்னும் முழு வில்லனாகவில்லை. நவம்பரில் மான்ட்ரியாலில் பிரெட்டை அவருக்கே தெரியாமல் தோற்கடித்துப் பட்டத்தைப் பறித்த பிறகு அந்த வேடம் அவருக்குத் தானாக வந்து பொருந்தியது. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவர் மனத்திலும் தன் முதலாளியிடம் ஒரு பாக்கி இருக்கிறது. அதை வாரம் ஒரு தவணையாக ஆஸ்டின் வசூலித்துக் கொடுத்தார். 1998 ஏப்ரல் 13 அன்று ஆஸ்டினும் மெக்மஹோனும் மோதப் போகிறார்கள் என்ற அறிவிப்போடு வந்த டபிள்யூடபிள்யூஎஃப்பின் வார நிகழ்ச்சியான ரா, 83 வாரமாகத் தன்னை டிவியில் தோற்கடித்துக்கொண்டிருந்த டபிள்யூசிடபிள்யூவின் நைட்ரோவை முந்தியது. அந்த மோதல் அன்று முழுதாக நடக்கவும் இல்லை. நடுவில் வேறு ஒருவர் புகுந்துவிட்டார். தீர்க்காமல் விட்டதுதான் மறுவாரமும் மக்களை உட்காரவைத்தது.

எதிர்ப்பக்கம் டபிள்யூசிடபிள்யூவில் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது, ஏனென்றால் அவர்கள் கையில் இருந்த சரக்கு குறைந்ததில்லை. ஸ்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 செப்டம்பரில் தன் நண்பர்களே தன்னை நம்பவில்லை என்று மனமுடைந்து ஒதுங்கினார். பிறகு முகத்தில் கறுப்பும் வெள்ளையும் பூசி, கையில் மட்டையோடு அரங்கின் கூரைச் சட்டங்களில் நின்று கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டம் கிடையாது, பேச்சும் கிடையாது. கீழே, டபிள்யூசிடபிள்யூவுக்கு வந்துவிட்ட ஹோகனின் கும்பல் எல்லாரையும் அடித்து நொறுக்குகிறது. 1997 டிசம்பர் 28, ஸ்டார்கேட், வாஷிங்டன். டபிள்யூசிடபிள்யூ நடத்தியவற்றிலேயே அதிகம் பேர் பணம் கட்டிப் பார்த்த காட்சி அது. தேவைப்பட்டது ஒன்றுதான்: ஸ்டிங் ஹோகனைத் தெளிவாக, சந்தேகமில்லாமல் வீழ்த்த வேண்டும். ஆனால் ஹோகனே பெரும்பகுதி அடித்தார். நடுவர் வேகமாக எண்ணி ஸ்டிங்கை ஏமாற்றுவார், மான்ட்ரியாலுக்குப் பிறகு இங்கே சேர்ந்த பிரெட் ஹார்ட் வந்து தட்டிக்கேட்பார் என்று கதை. நடுவர் எண்ணியதோ சாதாரண வேகம். பார்த்தவர் கண்ணுக்கு ஸ்டிங் நேர்மையாகத் தோற்று, பிறகு சலுகையில் ஜெயித்தார். சில நாளிலேயே பட்டமும் யாருக்கும் இல்லை என்று நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வளவு பொறுமையாகச் சேர்த்த பாக்கியைச் சில்லறையாகக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

கோல்ட்பர்க் விஷயத்தில் அவசரப்பட்டார்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய அந்த முரட்டு உருவம் நிமிடக் கணக்கில் எதிரிகளை முடித்து, தோல்வியே இல்லாமல் ஏறி வந்தது. 1998 ஜூலை 6, அவர் கால்பந்து ஆடிய அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில், நாற்பதாயிரம் பேர் அளவில் கூடிய அரங்கில் ஹோகனை வென்று சாம்பியன் ஆனார். அற்புதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் விளம்பரம் செய்து பணம் கட்டிப் பார்க்கவைத்திருக்க வேண்டியதை, சில நாள் முன்னதாக அறிவித்து இலவசமாக டிவியில் கொடுத்துவிட்டார்கள், ஒரு திங்கட்கிழமை பார்வையாளர் எண்ணிக்கைக்காக. டிசம்பர் 27 அன்று ஸ்காட் ஹால் மின்சாரக் கருவியால் தாக்க, கோல்ட்பர்க் கெவின் நாஷிடம் முதல்முறையாகத் தோற்றார். அதுகூடப் பரவாயில்லை, பழிவாங்கல் வரும் என்று பொறுத்திருக்கலாம். மறுவாரமே, ஜனவரி 4 அன்று, அதே ஜார்ஜியா டோமில் ஹோகன் ஒரு விரலால் நாஷின் நெஞ்சைத் தொட, நாஷ் பொத்தென்று விழுந்து பட்டத்தைக் கொடுத்தார். கோல்ட்பர்க் பறிகொடுத்தது அவர்களுக்கே வேண்டாத பொருள் என்று காட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் எதை மீட்பது?

ஜப்பானின் ஜயன்ட் பாபா இதற்கு நேர் எதிர். 1990இல் தென்ரியூ உள்ளிட்ட பலர் அவருடைய ஆல் ஜப்பான் நிறுவனத்தை விட்டுப் போனார்கள். மே மாதம் ஓர் ஆட்டத்தின் நடுவே டைகர் மாஸ்க் தன் முகமூடியைக் கழற்றி மிட்சுஹாரு மிசாவா ஆனார். ஜூன் 8 அன்று புடோகான் அரங்கில் அவருக்கும் மூத்தவர் ஜம்போ சுருட்டாவுக்கும் ஆட்டம். சுருட்டா ஜெயிப்பதாக இருந்தது. அரங்குக்கு வந்த மக்கள் மிசாவாவின் பெயரை முழங்குவதைக் கேட்டுப் பாபா முடிவை மாற்றினார் என்று சொல்லப்படுகிறது. மிசாவா ஜெயித்தார், ஆனால் பிடியைத் திருப்பிப் போட்டு நொடியில் அமுக்கிய வெற்றி. சுருட்டாவின் மதிப்பு குறையவில்லை. உச்சப் பட்டமான டிரிபிள் கிரௌன் மிசாவாவுக்குக் கிடைத்தது 1992 ஆகஸ்டில். ஒரே மாலையில் மனதை மாற்றிக்கொள்ளும் வேகமும், அதன்பின் இரண்டு வருடம் காக்கவைக்கும் நிதானமும் ஒரே ஆளிடம் இருந்தன.

பார்வையாளரே பாக்கியை எழுதிவிடுவதும் உண்டு. டேனியல் பிரையன் விஷயத்தில் அதுதான் நடந்தது. 2012 ஏப்ரல் 1, ரெஸ்ல்மேனியா 28இல் முதல் ஆட்டம். உலகச் சுற்றுகளில் தொழில் கற்ற, தன் தலைமுறையின் மிகச் சிறந்த மல்லர்களில் ஒருவரான பிரையன், ஷேமஸிடம் 18 விநாடியில் பட்டத்தை இழந்தார். சிறிய ஆள், இவனுக்கு இது போதும் என்று மெக்மஹோனின் நிறுவனம் நினைத்தது வெளிப்படையாகத் தெரிந்தது. மறுநாள் ரா நிகழ்ச்சியில் அவருடைய ‘யெஸ்’ முழக்கத்தைக் கூட்டம் கையிலெடுத்துக்கொண்டது, ஆட்டமெல்லாம் கத்தியது. அடுத்த இரண்டு வருடம் நிறுவனம் தள்ளித் தள்ளி வைத்தது. 2014 ஜனவரி 26, பிட்ஸ்பர்க், ராயல் ரம்பிள். முப்பதாவதாக நுழைய வேண்டிய கடைசி ஆள் பிரையன்தான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வந்தது ரே மிஸ்டீரியோ. வாழ்நாள் முழுக்க எல்லாராலும் நேசிக்கப்பட்ட அந்த மனிதரைப் பார்த்து அரங்கமே ஏசியது. கடைசியில் வென்ற படிஸ்டாவையும் ஏசியது. நான் பார்த்ததிலேயே நேர்மையான விமர்சனக் கூட்டம் அது. நிறுவனம் பணிந்தது. ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், பிரையன் முதலில், நிறுவன அதிகாரியாக வளர்ந்துவிட்ட அந்தப் பழைய ஹெம்ஸ்லியை, அதாவது டிரிபிள் ஹெச்சை வென்று, பிறகு சாம்பியன் ஆர்டனும் படிஸ்டாவும் இருந்த மும்முனை ஆட்டத்தில் படிஸ்டாவைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்துப் பட்டம் வென்றார். இதில் புக்கிங்கின் பெருமை எங்கே என்று சிலர் கேட்பார்கள். தன் திட்டம் தவறு என்று தெரிந்த பிறகு, அந்தத் தவறையே கதையின் வில்லனாக்கி, டிரிபிள் ஹெச்சின் வாயிலேயே அந்த அலட்சியத்தை வைத்துப் பேசவைத்ததில் இருக்கிறது.

மக்கள் குரலைக் கேட்ட அந்தக் காதை மறு வருடமே மூடிக்கொண்டார்கள். 2015 ரம்பிளில் ரோமன் ரெய்ன்ஸை ஜெயிக்கவைத்தபோது, பழைய நட்சத்திரமான ராக் வந்து அவர் கையைத் தூக்கிப் பிடித்தும் பிலடெல்பியா ஏசியது. ரெய்ன்ஸ் திறமையற்றவர் அல்லர். 2020 ஆகஸ்டில் பால் ஹேமனை அருகில் வைத்துக்கொண்டு, தன் குடும்பத்தையே மிரட்டி ஆளும் தலைவனாகத் திரும்பி வந்தபோது அது தெரிந்தது. அதே கர்வம், அதே நிதானம். இப்போது அவரை நேசிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்து, ஊருக்கெல்லாம் கடன்காரராக நின்றார்.

2023 ஏப்ரல் 2 அன்று கோடி ரோட்ஸ் அவரிடம் தோற்றபோது பலர் கொதித்தார்கள். தந்தை டஸ்டி ரோட்ஸ் அந்த நிறுவனத்தில் ஒருபோதும் தொடாத பட்டத்தை மகன் எடுக்கப் போகிறார் என்று எல்லாரும் நம்பியிருந்த இரவு. அது சரியான முடிவு என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அன்று கோடி நிறுவனத்துக்குத் திரும்பி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மக்கள் அவரை விரும்பினார்கள், அவருக்காக இன்னும் ஏங்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் அவர் இடத்தில் ராக்கை நிறுத்தப் பார்த்தபோதுதான் ஏக்கம் கோபமாக வெடித்தது. அரங்கு அரங்காகக் கோடியின் பெயரை முழங்கினார்கள். நிறுவனம் சில நாளில் திசை மாறியது. ராக்கை வில்லன் பக்கம் சேர்த்தது. பிலடெல்பியாவில், ரெய்ன்ஸை ஒன்பது வருடம் முன்பு ஏசிய அதே நகரத்தில், 2024 ஏப்ரல் 7 அன்று கோடி ஜெயித்தார். மறுநாள் ராவில் ராக் வந்து, நீ ரெய்ன்ஸுடன் முடித்தது உன் கதை, என்னோடு உனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது என்ற பொருள்பட மிரட்டிவிட்டுப் போனார்.